தங்க வேட்டைக் காலத்து ரயில்வே கடன் பத்திரம்: விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

கேள்வி, பிப்ரவரி 4

1881-ல் வெளியிட்ட ஒரு அமெரிக்க ரயில்வே கடன் பத்திரம் விலைக்கு வந்திருக்கிறது. கலிஃபோர்னியா தங்க வேட்டைக் காலத்தது என்கிறார் விற்பவர். முகமதிப்பு 1,000 டாலர். அசலும் வட்டியும் தங்க நாணயமாகத் தரப்படும் என்று அச்சிலேயே இருக்கிறது. வட்டி வாங்குவதற்காகக் கத்தரித்துக் கொடுக்கும் கூப்பன்கள் நிறைய மிச்சம் இருக்கின்றன, ரத்து முத்திரை எதுவும் இல்லை. ரத்தாகாத பத்திரம் இன்றைக்கும் செல்லும், சேர்ந்த வட்டியோடு பெரிய தொகை வரும் என்றும் சொல்கிறார். விலை அதற்கேற்ற மாதிரி கூடுதல். இதெல்லாம் சேகரிப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

பத்திரம் அசலாகவே இருக்கலாம். அதைச் சொல்லி உங்கள் தலையில் கட்டும் கதைதான் பொய். ஒரு கம்பெனி நொடித்துப் போய், சொத்தெல்லாம் ஏலத்தில் போய், வந்த பணத்தைக் கடன்காரர்கள் பிரித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது காகிதம் மட்டுமே. ரத்து முத்திரை இல்லை என்றால், அந்தப் பிரதியை யாரும் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்கவில்லை என்று அர்த்தம். யாரோ இன்னும் கடன்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அமெரிக்க அரசு அதற்குப் பொறுப்பும் இல்லை. பழைய ரயில்வே பத்திரங்களை இப்படி ஆசை காட்டி விற்பது பல வருஷமாக நடக்கிற மோசடி. அமெரிக்கக் கருவூலத் துறையும் பங்குச் சந்தை ஆணையமும் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்திருக்கின்றன.

சேகரிப்புப் பொருளாக என்றால் பேச்சு வேறு. 1880-களின் சாதாரண ரயில்வே பத்திரம் 50 டாலருக்குள்கூடக் கிடைக்கும். கம்பெனியின் பெயரையும் பின்பக்கப் படத்தையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பிப்ரவரி 5

தூங்கி எழுந்த பிறகு இன்னொன்று தோன்றியது. 1881 எப்படித் தங்க வேட்டைக் காலமாகும்?

கொலோமாவில் சட்டரின் மர அறுப்பு ஆலைக்கு வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைப் பார்த்தது 1848 ஜனவரி 24. அதைக் கேட்டுத் தங்கம் தேடி ஓடிய கூட்டத்தின் வேகம் 1855 வாக்கில் அடங்கிவிட்டது. கலிஃபோர்னியாவில் முதல் ரயில் பாதை திறந்ததே 1856 பிப்ரவரி 22-ல்தான். சாக்ரமென்டோவிலிருந்து ஃபோல்சம் வரை, சுமார் 22 மைல், சாக்ரமென்டோ வேலி ரயில்ரோடு. அதாவது வேட்டை ஓய்ந்த பிறகு தண்டவாளம் வந்தது.

ஆகவே 1848-55 காலத்து கலிஃபோர்னிய ரயில்வே காகிதம் என்று கறாராகக் கேட்டால் அந்த ஒரு கம்பெனியும், அதற்கு முன்னும் பின்னும் எழுதி வைத்துக் கட்டாமலே போன சில திட்டங்களும்தான் தேறும். இவை கண்ணில் படுவதே அபூர்வம். சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த காகிதங்களில் பெரும்பகுதியை 1906 நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த தீ தின்றுவிட்டது. சந்தையில் ‘தங்க வேட்டை’ என்று எழுதி விற்பவற்றில் பெரும்பாலானவை 1870-க்கும் 1910-க்கும் இடைப்பட்டவை. ‘தங்க நாணயம்’ என்ற வார்த்தை அச்சில் இருப்பதால் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 6

“அப்படியென்றால் தங்க நாணயம் என்று எதற்குப் போட்டார்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எனக்கு இந்தச் சேகரிப்பில் ஈர்ப்பு வந்ததே இந்த இடத்தில்தான்.

அந்த வரிக்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. காகிதப் பணத்தின் மேல் இருந்த பயம் அது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862-ல் அமெரிக்க அரசு தங்கமாக மாற்றித் தராத பச்சை நோட்டுகளை அச்சடித்தது. 1864 கோடையில் ஒரு தங்க டாலருக்கு இரண்டரைக்கும் மேற்பட்ட நோட்டு டாலர்கள் கொடுக்கவேண்டிய நிலை. கடன் கொடுப்பவன் என்ன செய்வான்? நல்ல காசைக் கொடுத்துவிட்டு முப்பது வருஷம் கழித்து நோட்டை வாங்கிக்கொள்ள அவனுக்கு என்ன தலையெழுத்தா? அதனால் ‘அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தங்க நாணயத்தில், இன்ன எடையும் தரமும் உள்ளதாக’ என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கினான். கலிஃபோர்னியர்கள் இதில் இன்னும் பிடிவாதம். எந்தப் பணத்தில் தருவதாக ஒப்பந்தம் போட்டார்களோ அந்தப் பணத்திலேயே தரவேண்டும் என்று 1863-ல் மாநிலச் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 9

தங்க வரியை வைத்து வழக்குப் போட்டால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். போட்டாயிற்று, முடிந்தும் ஆயிற்று.

1933 ஜூன் 5-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தத் தங்க வரிகள் செல்லாது என்று தீர்மானம் போட்டது. மறு வருஷம் ஒரு அவுன்ஸ் தங்கத்தின் விலை 20.67 டாலரிலிருந்து 35 ஆனது. பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வேயின் பத்திரம் வைத்திருந்த ஒருவர் 22.50 டாலர் கூப்பனுக்கு 38.10 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கணக்கு சரிதான், இரண்டு தங்க விலைகளின் விகிதத்தில் பெருக்கிப் பாருங்கள். 1935 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெம்பாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய கம்பெனியின் பத்திரத்துக்கே இந்தக் கதி.

1977-ல் சட்டம் மாறிவிட்டது என்று விற்பவர் சொல்லக்கூடும். மாறியது உண்மை. ஆனால் அந்த வருஷம் அக்டோபருக்குப் பிறகு போடும் புது ஒப்பந்தங்களுக்குத்தான் அது பொருந்தும். 1881-க்கு அதில் இடமில்லை.

பிப்ரவரி 13

படம் வந்துவிட்டது, நன்றி. கொலராடோ மலைப்பாதைக் கம்பெனி. பத்திரம் அசல் மாதிரித்தான் தெரிகிறது. இப்போது ஆசையாக எழுதலாம்.

கூப்பன்களை எண்ணிப் பாருங்கள். உங்கள் பத்திரம் 7 சதவீதம், முப்பது வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி. ஆக அச்சடித்தபோது 35 டாலர் கூப்பன்கள் 60 இருந்திருக்க வேண்டும். பத்திரக்காரர் தேதி வரும்போது ஒன்றைக் கத்தரித்து வங்கியில் கொடுத்து வட்டி வாங்கிக்கொள்வார். எந்தத் தேதியிலிருந்து கூப்பன்கள் அப்படியே இருக்கின்றனவோ, கிட்டத்தட்ட அந்தத் தேதியில் கம்பெனி மஞ்சக் கடுதாசி கொடுத்திருக்கிறது. பத்திரத்தின் மேல்பாதியில் இருக்கும் ரயில் படமும் தேவதை படமும் கம்பெனி எப்படி ஆசைப்பட்டது என்று காட்டும். கீழ்ப்பாதியில் இருக்கும் கூப்பன் வரிசைதான் நடந்ததைச் சொல்லும்.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். அதுவும் ஒரு சின்ன மலைப்பாதைக் கம்பெனிதான், இன்றைக்குப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. முதல் கூப்பன்கள் ஒழுங்காக, அளவுகோல் வைத்து வெட்டிய மாதிரி நேராக வெட்டப்பட்டிருக்கின்றன. கடைசியாக வெட்டியது கோணல்மாணல், பக்கத்துக் கூப்பனின் ஓரத்துப் பூவேலையும் கொஞ்சம் சேர்ந்து போயிருக்கிறது. அதன் தேதி 1873 ஜூலை. அந்தச் செப்டம்பர் 18-ல் ஜே குக்கின் வங்கி விழுந்து, அதோடு அமெரிக்க ரயில்வேக்கள் வரிசையாகச் சரிந்தன. அடுத்த ஜனவரிக் கூப்பனும் அதற்கப்புறம் வந்த அத்தனையும் கத்தரி படாமல் இருக்கின்றன. வெட்டியவர் அவசரத்தில் இருந்தாரா, வேறு ஆளா, எதுவும் தெரிய வழியில்லை. ஆனாலும் அந்தக் கோணல் ஓரத்தை நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 14

“ரத்தான பத்திரம் மட்டமா?” என்ற கேள்விக்கு: இல்லை. துளை போட்டோ, கையெழுத்தை வெட்டியோ, முத்திரை குத்தியோ ரத்து செய்திருந்தால், கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டது, அல்லது வேறு பத்திரத்துக்கு மாற்றிக்கொடுத்தது என்று பொருள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய கம்பெனியின் பத்திரத்தில்தான் ஓட்டை இருக்கும். முழுசாக, கூப்பன் குறையாமல், பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் விழுந்துபோன கம்பெனியினுடையது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள், அதை வைத்துத்தான் மோசடிக்காரர்களும் பிழைக்கிறார்கள்.

பிப்ரவரி 20

கொஞ்சம் வழிமாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது சாக்ரமென்டோ பக்கம். ஆர்கேட் கிரீக் என்று ஒரு ஓடை இங்கே ஓடுகிறது. சுற்றிலும் தட்டைத் தரை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடும் கடையும் கார் நிறுத்துமிடமும்தான். சட்டப்படி சியரா நெவாடா மலை இங்கேதான் தொடங்குகிறது!

நாட்டைக் குறுக்காகக் கடக்கும் ரயில் பாதை போட, 1862 பசிபிக் ரயில்வே சட்டப்படி அரசு ஒரு மைலுக்கு இவ்வளவு என்று கடன் பத்திரம் கொடுத்தது. சமவெளிக்கு 16,000 டாலர், நடுப்பகுதிக்கு 32,000, மலைக்கு 48,000. அந்தப் பாதையைக் கலிஃபோர்னியாப் பக்கத்திலிருந்து போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் சார்ல்ஸ் குரோக்கர், மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னியை இந்த ஓடைப் பக்கம் அழைத்து வந்தார். மலையிலிருந்து அடித்து வந்த மண் இங்கே ஆரம்பிக்கிறது, ஆகவே மலையடிவாரம் இதுதான் என்று கருத்து வாங்கினார். லிங்கன் ஒப்புக்கொண்டார். சாக்ரமென்டோவிலிருந்து ஏழு மைல் தள்ளி மலை வந்துவிட்டது, கம்பெனிக்கு மைலுக்கு மூன்று மடங்கு பணமும் வந்துவிட்டது.

இதைப் பத்திரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1864-ல் திருத்திய சட்டம், அரசு கொடுத்த அதே தொகைக்குக் கம்பெனியும் சொந்தமாக முதல் அடமானப் பத்திரம் வெளியிடலாம் என்று விட்டது. அரசின் பாத்தியதை இரண்டாம் இடத்துக்குப் போனது, அதாவது கம்பெனி விழுந்தால் அந்தப் பத்திரக்காரர்களுக்குப் போக மிச்சம்தான் அரசுக்கு. ‘முதல் அடமானம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட சென்ட்ரல் பசிபிக் பத்திரத்தைப் பார்க்கும்போது அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு முழு நாடாளுமன்றப் பேரம் இருக்கிறது.

பிப்ரவரி 21

கையெழுத்து பற்றிக் கேட்டவருக்கு. சென்ட்ரல் பசிபிக் காகிதத்தில் தலைவராக லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் கையெழுத்து இருந்தால் விலை பல மடங்கு. 1862-63-ல் அவர் கலிஃபோர்னியாவின் ஆளுநரும்கூட. கம்பெனித் தலைவரே ஆளுநர்! ஆனால் மையில் போட்ட கையெழுத்தா, அச்சில் வந்ததா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து மை இரும்புச் சத்துள்ளது. இன்றைக்குப் பழுப்பாகியிருக்கும், பேனா அழுத்திய இடத்தில் கறுத்திருக்கும், சில இடத்தில் காகிதத்தின் பின்பக்கம் வரை ஊறியிருக்கும்.

பிப்ரவரி 27

5-ந் தேதி கலிஃபோர்னியாவை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். தங்க வேட்டைக் காலத்தின் மிக முக்கியமான ரயில்வே அங்கே இல்லவே இல்லை, பனாமாவில் இருக்கிறது.

நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியா போக ஒரு வழி, கப்பலில் பனாமா வந்து, நிலத்தைக் கடந்து, மறுபக்கம் வேறு கப்பல் ஏறுவது. முதலில் சாக்ரெஸ் ஆற்றில் படகு, அப்புறம் கோவேறு கழுதை. ரயில்வே வேலை 1850-ல் தொடங்கியது. 1855 ஜனவரி 28-ல் முதல் ரயில் கடலிலிருந்து கடலுக்கு ஓடியது. ஐம்பது மைல்கூட இல்லாத பாதைக்குச் செலவு சுமார் 80 லட்சம் டாலர். சதுப்பு நிலத்திலும் காய்ச்சலிலும் செத்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில். முதல் வகுப்பில் ஒருவழிக் கட்டணம் 25 டாலர், தங்கமாக. பாதி கட்டியிருந்தபோதே கட்டிய தூரத்துக்குப் பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தங்க வேட்டையால் உண்மையிலேயே கொழித்த ரயில்வே என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். 1850-களின் பனாமா காகிதம் கிடைத்தால் விடாதீர்கள்.

இதில் ஒரு துக்கமான முடிச்சும் உண்டு. ஃபோல்சம் பாதைக்கு அளவெடுத்த பொறியாளர் தியடோர் ஜூடா. சியராவைத் தாண்டும் வழியைக் கண்டு சென்ட்ரல் பசிபிக்கைத் தொடங்க வைத்தவரும் அவரே. அப்புறம் ஸ்டான்ஃபோர்ட் கூட்டத்தோடு சண்டை. அவர்கள் பங்கை வாங்கிக்கொள்ளப் பணக்காரர்களைத் தேடி 1863 அக்டோபரில் கிழக்கே கிளம்பினார், இதே பனாமா வழியாக. அங்கே மஞ்சள் காய்ச்சல் பிடித்தது. நவம்பர் 2-ல் நியூயார்க்கில் இறந்தார், வயது 37. அவர் வகுத்த பாதையில்தான் ரயில் ஓடியது. 1869 மே 10-ல் ப்ராமன்டரியில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பாதைகள் சேர்ந்த இடத்தில், தங்க ஆணி அடித்தபோது பேசப்பட்டதெல்லாம் மற்றவர்கள் பெயர்.

மார்ச் 2

நம்மூர் ரயில்வே பத்திரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1. ஃபோல்சம் பாதை திறந்த அதே வருஷம். ஆனால் பணம் திரட்டிய விதம் முற்றிலும் வேறு. மதராஸ் ரயில்வேயில் லண்டன்காரர்கள் போட்ட பணத்துக்கு வட்டி வரும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவாதம் கொடுத்தது. ரயில் நஷ்டத்தில் ஓடினாலும் வட்டி நிற்காது, வரி கட்டியவன் தலையில் விடியும். ஃபோல்சம் பாதைக்கு அப்படி யாரும் கைகொடுக்கவில்லை. 1855 பிப்ரவரியில் பேஜ் பேகன் வங்கி விழுந்து சான்ஃபிரான்சிஸ்கோவே ஆடிப்போனது. மேரிஸ்வில் வரை போகவேண்டிய பாதை ஃபோல்சமோடு நின்றது.

மார்ச் 8

போலி பற்றியும் பாதுகாப்பது பற்றியும் கேட்டவர்களுக்குச் சேர்த்து.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். உலோகத் தகட்டில் செதுக்கி அடித்த அசல் அச்சில் கோடுகள் கோடாகவே இருக்கும். புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் நகல். விரலை மெதுவாக ஓட்டினால் மை மேடு தட்டுப்படும். 1862 முதல் 1872 வரை பத்திரங்களில் வரி கட்டியதற்கு அடையாளமாக ரெவின்யூ ஸ்டாம்ப் முத்திரை ஒட்ட வேண்டும் என்ற சட்டம் இருந்தது. அந்தக் காலத்துப் பத்திரத்தில் முத்திரையும் இல்லை, ஒட்டிய தழும்பும் இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். தழும்பு மட்டும் இருந்தால் தபால்தலைக்காரர் யாரோ ஊறவைத்து உரித்துக்கொண்டார் என்று அர்த்தம், அடிக்கடி நடப்பதுதான்.

எண்ணுக்குப் பதில் வெறும் சுழியமும் ‘மாதிரி’ என்ற முத்திரையும் இருந்தால் அச்சகத்தின் மாதிரிப் பிரதி. அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியின் பழைய இருப்பு 1990-ல் ஏலத்துக்கு வந்தது, அதிலிருந்து இந்த மாதிரி காகிதங்கள் நிறைய வெளியே வந்தன. அழகாக இருக்கும், ஆனால் யார் கையிலும் புழங்காதது. எனக்கு மனசு ஒட்டுவதில்லை.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செலோடேப் அதைவிட மோசம். பாலியஸ்டர் உறை போதும். மடிப்பு இருந்தால் இருக்கட்டும், இஸ்திரி போடாதீர்கள். வெயில் விழும் சுவரில் மாட்டினால் சில வருஷத்தில் கையெழுத்து மங்கிவிடும்.

மார்ச் 15

கனடாவின் யூகான் பகுதியில் நடந்த க்ளோண்டைக் தங்க வேட்டையை ஏன் விட்டுவிட்டேன் என்று ஒருவர் உரிமையோடு கோபித்துக்கொண்டிருக்கிறார். வருகிறேன். 1896 ஆகஸ்டில் பொனான்ஸா ஓடையில் தங்கம். 1898 மே மாதம் அலாஸ்காவின் ஸ்காக்வேயிலிருந்து வைட் பாஸ் அண்ட் யூகான் பாதை வேலை தொடங்கியது, லண்டன் பணத்தில். மூன்றடி அகலக் குறுகிய பாதை, 110 மைல், பாறையை வெடி வைத்துப் பிளந்து போட்டது. 1900 ஜூலை 29-ல் முடிந்தது. அதற்கு முந்தைய கோடையிலேயே க்ளோண்டைக்கின் டாஸன் நகரிலிருந்து ஆட்கள் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்று கேட்டுக் கிளம்பிவிட்டார்கள். இங்கேயும் தண்டவாளம் தாமதம்.

மார்ச் 16

ஒரு இரவு யோசித்த பிறகு, ‘தாமதம்’ என்று சொல்லி முடித்துவிடக் கூடாது என்று படுகிறது. தனி ஆள் தட்டை வைத்து அலசித் தங்கம் எடுத்த காலம் முடிந்ததும் பெரிய இயந்திரம், குழாய், மரம், நிலக்கரி எல்லாம் தேவைப்பட்டன. அவற்றைத் தூக்கிக்கொண்டு போக ரயில் வேண்டும். வைட் பாஸ் பாதை வேட்டைக்காரர்களை இழந்தாலும் சுரங்கக் கம்பெனிகளின் சரக்கால் பல பத்து வருஷம் பிழைத்தது. பத்திரம் வாங்கியவர்களும் கூட்டத்தைப் பார்த்து மட்டும் பணம் போடவில்லை, அந்தச் சரக்கையும் எதிர்பார்த்துத்தான் போட்டார்கள்.

மார்ச் 23

இந்த வாரம் ஒரு பரிமாற்றத்தில் ஆரெகன் அண்ட் கலிஃபோர்னியா ரயில்ரோடு பத்திரம் ஒன்று கைக்கு வந்தது. ரொம்ப நாளாகத் தேடியது.

பென் ஹாலடே குதிரை வண்டிச் சேவை நடத்திப் பணக்காரரானவர், சுரங்க ஊர்களுக்கு ஆளும் தபாலும் தங்கமும் ஏற்றியவர். 1866-ல் வண்டிகளை வெல்ஸ் ஃபார்கோவுக்கு விற்றுவிட்டு ரயிலில் இறங்கினார். பத்திரங்களைப் பெரும்பாலும் ஜெர்மனியில் விற்றார். 1873-ல் வட்டி நின்றது. பத்திரக்காரர்கள் தங்கள் ஆளாக ஹென்றி வில்லார்டை 1874-ல் ஆரெகனுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியில் பிறந்தவர், உள்நாட்டுப் போரில் செய்தியாளராக இருந்தவர். வசூலிக்கப் போன மனிதர் இரண்டு வருஷத்தில் கம்பெனித் தலைவராகிவிட்டார்! பாதை 1887-ல்தான் கலிஃபோர்னியாவோடு சேர்ந்தது. தங்கத்தால் எழுந்த ஜாக்சன்வில் ஊரை அது தொடாமல் மெட்ஃபோர்ட் வழியாகப் போனது, ஜாக்சன்வில் அதோடு சுருங்கிவிட்டது.

என் பத்திரத்தின் பின்பக்கம், மடிப்புக்கு மேலே, பென்சிலில் நான்கு வரி ஜெர்மன் குறிப்பு இருக்கிறது. பழைய சாய்வெழுத்து. ஒரு தேதியும் தொகை மாதிரி ஏதோ ஒன்றும் மட்டும் எனக்குப் பிடிபடுகிறது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே பெரிதாகப் படம் எடுத்துப் போடுகிறேன்.